தம்பியின் கால் அசைந்தது: தண்டுவடத்தின் நீட்சி அனிச்சையை வீட்டில் கற்ற அனுபவம்

தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்த ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, அவன் காலைத் துடைத்துவிடுவதற்காக அம்மா வலது பாதத்தைக் கையில் தூக்கினார். அதுவரை நனைந்த துணியைப் போலக் கிடந்த கால், அவர் கையிலிருந்தபடியே வெட்டி இழுத்து, முழங்கால் மடங்கி, பிறகு மெல்ல நீண்டது. "சாமி, காலு அசைஞ்சிருச்சு கண்ணு" என்று அம்மா அழுதுகொண்டே மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தார். நான் உள்ளே போனபோது தம்பி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். "நான் அசைக்கலீங்ணா. அதுவா அசையுது" என்றான்.

அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்த உண்மையை முழுதாக விளங்கிக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவன் நான். அனிச்சை வில்லின் படத்தைப் பதினேழு ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். சூடான பாத்திரத்தைத் தொட்ட கை, உணர்ச்சி நியூரான், தண்டுவடத்தின் குறுக்குவெட்டு, இணைப்பு நியூரான், இயக்க நியூரான், சுருங்கும் தசை என்று கண்ணை மூடிக்கொண்டும் வரைந்துவிடுவேன். அப்படிப்பட்ட நானே அந்தக் காலையில் அம்மாவோடு சேர்ந்து நம்பவே விரும்பினேன். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் குடும்பங்கள் பலவும் இதே இடத்தில் இதே விதமாகத் தடுமாறுவதைப் பிறகு பார்த்துவிட்டதால், நாங்கள் கற்றதை முறையாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

விழுந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு ஆவணியில், மழைக்கு மறுநாள், ஈரமான மரத்தில் ஏறினான். பாளையைப் பிடித்த கை வழுக்கியது. தோட்டத்திலிருந்தவர்கள் பதற்றத்தில் ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லி எழுதவில்லை. ஆனால் உயரத்திலிருந்து விழுந்தவரை மடக்கித் தூக்கக் கூடாது, பலகையிலோ கதவிலோ உடலை நேராக வைத்துத்தான் நகர்த்த வேண்டும், 108 வண்டி வரும்வரை காத்திருப்பதே நல்லது என்பதை இதைப் படிப்பவர்கள் தம் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். மார்புப் பகுதியின் 8ஆவது முள்ளெலும்பு நொறுங்கி, அந்த இடத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. தொப்புளுக்குச் சற்று மேலிருந்து கீழே உணர்வும் இல்லை, இயக்கமும் இல்லை.

முதல் நான்கு வாரங்களில் கால்கள் முற்றிலும் தளர்ந்திருந்தன. மருத்துவர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினாலும் எந்த அசைவும் வரவில்லை. அது எனக்கு முரணாகத் தோன்றியது. முழங்கால் அனிச்சைக்கு மூளை தேவையில்லை, தண்டுவடமே போதும் என்றுதான் நான் கற்பித்திருந்தேன். அடிபட்ட இடமோ மார்புப் பகுதி. முழங்கால் அனிச்சையின் சுற்று இருப்பது அதற்கும் வெகு கீழே, இடுப்புப் பகுதியின் 2, 3, 4ஆவது தண்டுவடக் கூறுகளில். அங்கே காயமே இல்லாதபோது சுற்று ஏன் செயல்படவில்லை என்று மருத்துவரிடம் கேட்டேன். மேலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த நரம்புத் தூண்டல் ஒரே கணத்தில் அற்றுப்போகும்போது, கீழேயுள்ள நியூரான்கள் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ செயலிழந்து கிடக்கும் என்றும், இதற்குத் தண்டுவட அதிர்ச்சி என்று பெயர் என்றும், அந்தப் பெயரை 19ஆம் நூற்றாண்டிலேயே மார்ஷல் ஹால் என்ற ஆங்கிலேய மருத்துவர் இட்டுவிட்டார் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். "இது விலகும். விலகும்போது கால் அசையும். அப்போது நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை.

கால் அசைந்த அன்று மாலை அதே மருத்துவர் வந்து சுத்தியலால் மெல்லத் தட்டினார். தம்பியின் கால் உதைத்த வேகத்தில் போர்வை கட்டிலை விட்டுக் கீழே விழுந்தது. பிறகு அவன் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்துச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளி அப்படியே பிடித்துக்கொண்டார். கணுக்கால் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல மேலும் கீழும் துடிக்கத் தொடங்கி, அவர் கையை எடுக்கும்வரை நிற்கவில்லை. தம்பி இரண்டையும் உணரவில்லை. கண்ணால் பார்த்ததால்தான் அவனுக்குத் தெரிந்தது.

அங்கே நடந்தது என்ன என்பதை, நான் வகுப்பில் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். நம் தசைகளுக்குள் சாதாரணத் தசை இழைகளோடு இழையாகச் சில மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய உறுப்புகள் பொதிந்துள்ளன. நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கியிருப்பதால் தசைக்கதிர் என்று பெயர். அதன் நடுப்பகுதியைச் சுற்றி ஓர் உணர்ச்சி நரம்பின் முனை சுருள்சுருளாகப் பின்னியிருக்கும். தசை நீண்டால் கதிரும் நீளும், சுருள் விரியும், உடனே நரம்பில் மின்துடிப்பு கிளம்பும். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதற்கே இந்த முனை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் பாதி இதன்மீதுதான் நிற்கிறது.

அந்த உணர்ச்சி நரம்பு உடலிலேயே மிகப் பருமனான, மிக வேகமான இழைகளுள் ஒன்று. அது பின்வேர் எனப்படும் பின்பக்க நரம்பு வேர் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைந்து, இடையில் யாரையும் கலக்காமல், அதே தசையை இயக்கும் நியூரான்களை நேரடியாகத் தொடுகிறது. சூடான பாத்திரத்தின் படத்தில் வரும் இணைப்பு நியூரான் இங்கே இல்லை. நடுவில் ஒரே ஒரு சினாப்ஸ்தான், அதாவது இரு நியூரான்கள் சந்திக்கும் ஓர் இணைப்பிடம்தான் உண்டு. அதைக் கடக்க ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை என்பதை அளந்து, இது ஒரே இணைப்புள்ள பாதைதான் என்று 1943இல் டேவிட் லாய்டு என்ற ஆய்வாளர் நிறுவினார். ஓர் உணர்ச்சி இழை தொடுவது ஓரிரு இயக்க நியூரான்களை அல்ல. பூனையின் கெண்டைத் தசையில் செய்த ஆய்வில், ஓர் இழை அந்தத் தசைக்குரிய சுமார் 300 இயக்க நியூரான்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் தொடுவதை மெண்டல், ஹென்னமன் ஆகிய இருவரும் 1971இல் காட்டினார்கள். ஒரு கதிர் கூப்பிட்டால் தசை முழுதும் கேட்கும் என்பதுபோன்ற ஏற்பாடு இது. சுத்தியல் முழங்கால் நாணைத் தட்டும்போது தொடையின் முன்தசை மயிரிழை அளவே நீள்கிறது. அதற்குள் நூற்றுக்கணக்கான இயக்க நியூரான்கள் ஒருசேர விழித்து, நாம் வேண்டுமென்று காலை அசைக்கத் தேவைப்படும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது.

முன்தொடை சுருங்கும்போது பின்தொடைத் தசை தளர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் எதிரெதிரே இழுத்து முழங்கால் இறுகிப்போகும். அதற்கும் அதே உணர்ச்சி நரம்பே ஏற்பாடு செய்கிறது. அதன் ஒரு கிளை தண்டுவடத்துக்குள் ஒரு சிறிய தடுப்பு நியூரானைத் தூண்டுகிறது. அந்தத் தடுப்பு நியூரான் பின்தொடையின் இயக்க நியூரான்களை அடக்குகிறது. பரிமாற்றத் தடுப்பு எனப்படும் இந்த ஒழுங்கை விரிவாக ஆராய்ந்தவர் சார்லஸ் ஷெரிங்டன். சினாப்ஸ் என்ற சொல் 1897இல் புழக்கத்துக்கு வந்தது அவரால்தான். 1924இல் லிடெல் என்பவரோடு சேர்ந்து, தசையைச் சில மில்லிமீட்டர் இழுத்தாலே அது எதிர்த்து இறுகுகிறது என்றும், பின்வேர்களை வெட்டிவிட்டால் அந்த இறுக்கம் மறைகிறது என்றும் காட்டி, நீட்சி அனிச்சை என்ற கருத்துக்கு அடித்தளமிட்டவரும் அவரே. இயக்க நியூரானே தன் கிளையொன்றை உள்ளே அனுப்பி ரென்ஷா செல் என்ற இன்னொரு தடுப்பு நியூரானைத் தூண்டி, தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே உண்டு.

இந்தத் தடுப்புகளின் அருமையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க நான் எட்டி மரத்தைத்தான் சொல்வேன். எட்டி பழுத்தென்ன என்று பழமொழியில் வரும் அதே மரம். அதன் விதையிலுள்ள ஸ்டிரிக்னின் என்ற நஞ்சு தசையைத் தூண்டுவதில்லை. தடுப்பு நியூரான்கள் கையாளும் கிளைசின் என்ற வேதிப்பொருளை இயக்க நியூரான்கள் ஏற்க முடியாதபடி அடைத்துவிடுகிறது. அவ்வளவே. தடுப்பு இல்லாமல் போனதும் ஒரு சிறு ஓசைக்கும் தொடுதலுக்கும் உடல் முழுதும் வில்லாக விறைத்து இழுக்கிறது. தடுப்புகள் எவ்வளவு ஓயாமல் வேலை செய்தால் நாம் தளர்ந்து உட்கார்ந்திருக்க முடிகிறது என்பது இதிலிருந்து புரியும்.

தண்டுவடத்திலுள்ள இத்தடுப்புகள் பலவும் மூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் இறங்கி வரும் நரம்புகளின் சொற்படி கூடவும் குறையவும் செய்பவை. இதை வகுப்பிலேயே காட்டலாம். முழங்கால் உதைப்பு சரியாக வராத மாணவனை, இரு கைவிரல்களையும் கொக்கிபோல் கோத்து வெளிநோக்கி இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டினால், கால் நன்றாக உதைக்கும். இழுப்பது கை; பெருகுவது காலின் அனிச்சை. மேலிருந்து தண்டுவடச் சுற்றின் கூர்மை மாற்றப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தெரியவில்லை. கதிரின் விறைப்பைக் கூட்டிக் குறைப்பதற்கென்றே காமா நியூரான்கள் என்ற தனி நியூரான்களும் உண்டு. பறையைத் தீயில் காட்டித் தோலை விறைப்பேற்றினால் மெல்லத் தட்டினாலும் ஒலிப்பதுபோல, கதிரின் இரு முனைகளும் சுருங்கி நடுப்பகுதி இறுகியிருந்தால் சிறு நீட்சிக்கும் அது குரல் கொடுக்கும்.

தம்பியின் விஷயத்தில் மேலிருந்து வந்த நரம்புகள் மார்புப் பகுதியில் அறுந்துவிட்டன. கீழேயிருந்த சுற்று, அதிர்ச்சி விலகியபின், தட்டுப்படும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கியது. மேற்கட்டுப்பாடு போனது மட்டுமே காரணமும் அல்ல. வாரங்கள் செல்லச்செல்ல இயக்க நியூரான்களே எளிதில் கிளர்ச்சியடையும் தன்மைக்கு மாறிவிடுகின்றன. ஒருமுறை தூண்டினால் தூண்டல் நின்ற பிறகும் துடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மேல் தடுப்பு வேதிப்பொருள்களின் ஆற்றலும் குறைகிறது. அதனால்தான் இறுக்கம் முதல் மாதத்தைவிட ஆறாவது மாதத்தில் அதிகமாக இருந்தது. எங்களைப் போலவே பலரும் "நாளுக்கு நாள் அசைவு கூடுகிறது, குணமாகி வருகிறது" என்று எண்ணுவதற்கு இதுவே காரணம்.

பக்கத்துக் கட்டிலில் சாரத்திலிருந்து விழுந்த ஓர் இளைஞர் இருந்தார். அவருக்கு முறிந்தது இடுப்பின் முதல் முள்ளெலும்பு. அவர் கால்கள் கடைசிவரை அசையவே இல்லை. "உங்க பையனுக்காவது அசையுதுங்களே" என்று அவருடைய தாய் அம்மாவிடம் ஏக்கத்தோடு சொன்னார். எலும்பின் எண்ணும் தண்டுவடக் கூறின் எண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பருகே முடிந்துவிடுகிறது. ஆகவே அங்கே அடிபட்டால், கால்களுக்கான அனிச்சைச் சுற்றுகளோ அவற்றிலிருந்து இறங்கும் வேர்களோ நேரடியாக நசுங்கிவிடுகின்றன. சுற்றே இல்லாத இடத்தில் இறுக்கமும் வராது, துடிப்பும் வராது, தசை மெலிந்துகொண்டே போகும். தம்பிக்குச் சுற்று இருந்தது, கட்டளை இல்லை. அந்த இளைஞருக்குச் சுற்றே போயிற்று. இருவரையும் அருகருகே பார்த்தபோதுதான் பதினேழு ஆண்டுகளாக நான் வரைந்த படம் எனக்கே விளங்கியது.

அம்மாவிடம் இதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கடைசியில் தம்பியே ஒரு வழி கண்டான். அம்மாவை அவன் கண்ணைப் பொத்தச் சொல்லி, "இப்ப காலத் தொடுங்க, தொட்டீங்களான்னு நான் சொல்றேன்" என்றான். அவர் தொட்டார், கால் துள்ளியது, அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ கட்டை விரல மட்டும் ஆட்டு கண்ணு" என்று அவர் கேட்டார். விரல் அசையவில்லை. அம்மா நெடுநேரம் பேசாமல் அவன் காலையே நீவிக்கொண்டிருந்தார். கொடுமையான சோதனைதான். ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பொய்யான எதிர்பார்ப்பில் பணத்தையும் நாளையும் இழக்கவில்லை.

தன் விருப்பத்தால் வரும் அசைவுக்குச் சில அடையாளங்கள் உண்டு. சொன்னதும் வரும், நிறுத்தச் சொன்னால் நிற்கும், குறிப்பிட்ட ஒரு மூட்டு மட்டும் அசையும், மீண்டும் கேட்டால் மீண்டும் வரும். அனிச்சை அப்படியன்று, தொடுதல், நீட்சி, குளிர், இருமல் என ஏதோ ஒன்று அதற்கு முன்னால் நிகழ்ந்திருக்கும், கால் முழுதும் ஒரே வார்ப்பில் மடங்கும் அல்லது நீளும். காயம் முழுமையானதா, பகுதியளவானதா என்பதை மருத்துவர்கள் கால் துள்ளுவதை வைத்து முடிவு செய்வதில்லை. தண்டுவடத்தின் கடைசிக் கூறுகளுக்குரிய ஆசனவாய்ப் பகுதியில் உணர்வோ, விரும்பிச் சுருக்கும் ஆற்றலோ எஞ்சியிருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். கூச்சப்பட்டு அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தவிர்க்கவே கூடாது. பகுதியளவு காயம் என்றால் பயிற்சியின் திசையே வேறு.

நாங்கள் பணத்தை இழக்கவில்லை என்றேன். இழந்த ஒருவரை அறிவேன். அதே ஆண்டில் எங்கள் பக்கத்து ஊரில் ஒருவருக்கு, 45 நாளில் நடக்க வைப்பதாகச் சொல்லி ஒருவர் எண்ணெய் வைத்தியம் செய்தார். ஒவ்வொரு நாளும் தேய்த்து முடித்ததும் உள்ளங்காலைச் சட்டென்று மேலே தள்ளி, கால் துடிப்பதைக் குடும்பத்தாருக்குக் காட்டி, "நரம்பு உயிர் பெற்றுவிட்டது பாருங்கள்" என்று சொல்வாராம். அந்தத் துடிப்பு எண்ணெய் போடாத நாளிலும் வரும். உணர்வில்லாத தோலில் சூடான எண்ணெயை ஊற்றியதில் அந்த நோயாளிக்குத் தொடையில் தீப்புண் ஆகி, ஆற நான்கு மாதம் பிடித்தது. சுடுகிறதா என்று நோயாளியைக் கேட்டுப் பயனில்லை. வெந்நீரானாலும் எண்ணெயானாலும் பராமரிப்பவர் தம் முழங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இனி, அன்றாடக் காரியங்களில் இந்த அறிவு எங்களுக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதற்கு வருகிறேன். முதலில் நான் செய்த தவறு. பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த பயிற்சிகளைப் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்வேன். காலை வேகமாக மடக்குவேன்; அது எதிர்த்து இறுகும்; நான் இன்னும் பலத்தோடு தள்ளுவேன்; அது இன்னும் இறுகும். தம்பியின் காலோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, அதே காலை ஒரு குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல அவ்வளவு மெதுவாக மடக்கிக் காட்டினார். எதிர்ப்பே இல்லை. தசைக்கதிர் வேகத்துக்குத்தான் கத்துகிறது என்று முன்பே சொன்னேன் அல்லவா. 1980இல் லான்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இவ்வகை இறுக்கத்துக்குக் கொடுத்த வரையறையே, நீட்டும் வேகத்தோடு கூடும் நீட்சி அனிச்சை என்பதுதான். ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்த பயிற்சியை அரை மணி நேரமாக மாற்றினேன். கெண்டைக்காலை நீட்டும்போது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையைப் பாதத்தோடு ஒட்டி, மெல்லச் சாய்ந்து, இறுக்கம் தளரும்வரை அசையாமல் பிடித்திருப்பேன். வெட்டு வந்தால் தள்ளாமல், விட்டும் விடாமல், அப்படியே காத்திருப்பேன். அவசரமுள்ள நாளில் பயிற்சியைத் தள்ளிப்போடலாம். அவசரமாகச் செய்யக் கூடாது. இறுகிய காலை வலிந்து மடக்கியதில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு, ஏனென்றால் எடை தாங்காத கால்களில் எலும்பு நாளடைவில் வலுவிழக்கிறது.

சக்கர நாற்காலியில் உட்காரத் தொடங்கியதும் கணுக்கால் துடிப்பு பெரிய தொல்லையாயிற்று. மிதிபலகையில் கால் வைத்ததும் வினாடிக்கு ஐந்தாறு தடவை வீதம் துடித்து, நாற்காலியே அதிரும். கால் நழுவி வெளியே விழும். ஒருமுறை அப்படி நழுவிய கால் முன்சக்கரத்தில் சிக்கியது, அவனுக்கு வலிக்கவில்லை, இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. துடிப்பின் காரணம் எளிது. பாதத்தின் முன்பகுதி மட்டும் பலகையில் ஊன்றும்போது கெண்டைத் தசை சட்டென்று நீள்கிறது, அனிச்சை அதைச் சுருக்குகிறது, சுருங்கியது தளரும்போது பாதத்தின் எடை மீண்டும் நீட்டுகிறது, மீண்டும் அனிச்சை. சுற்றுக்குத் துடுப்புப் போடுவது நாம்தான். நாங்கள் மிதிபலகையின் உயரத்தைச் சரிசெய்து, குதிகால் முதலிலும் பிறகு பாதம் முழுதும் பதியுமாறு வைக்கப் பழகினோம். குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை போட்டோம். துடிப்பு தொடங்கினால் முழங்காலின்மீது கையை வைத்துக் குதிகாலைக் கீழ்நோக்கி நிதானமாக அழுத்திப் பிடிப்பான். சில வினாடிகளில் அடங்கிவிடும். யாருடைய உதவியும் இல்லாமல் அவனே தன் காலைக் கையாண்ட முதல் காரியம் இது.

இரவில் வருவது வேறு வகை. போர்வை தொடையில் உரசினாலே இடுப்பும் முழங்காலும் மடங்கி, கால் வயிற்றை நோக்கி இழுத்துக்கொள்ளும். இது நீட்சி அனிச்சை மட்டுமல்ல. தோலிலிருந்தும் உள்ளுறுப்புகளிலிருந்தும் வரும் செய்திகள் பல இடைநியூரான்களைக் கடந்து மடக்கும் தசைகளைத் தூண்டும் வேறொரு சுற்று. சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுக்க வைக்கும் அதே இனம். இங்கேதான் எங்களுக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது. ஒரு மார்கழி இரவில் இழுப்பு வழக்கத்தைவிடப் பலமடங்கு கூடியது. மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சிறுநீர்க் குழாய் தொடைக்கடியில் மடிந்து அடைபட்டிருப்பதை அம்மா கண்டார். குழாயை நேராக்கியதும் வெளியே சிறுநீர் சேரும் பை நிரம்பியது. கால் மணி நேரத்தில் கால்கள் அடங்கின. சிறுநீர்ப்பை நிரம்பி விம்மியதை அவனால் உணர முடியவில்லை, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி உணர்ந்தது; தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொன்னது.

அன்றிலிருந்து இழுப்பு திடீரென்று கூடினால் நாங்கள் முதலில் கேட்பது, கீழே எங்கே கோளாறு என்பதுதான். குழாய் மடிந்திருக்கிறதா, சிறுநீர் கலங்கி நாறுகிறதா, மலம் எத்தனை நாளாகப் போகவில்லை, பிட்டத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா, காலுறையின் விளிம்போ இடுப்புப் பட்டையோ இறுக்குகிறதா, நகம் குத்துகிறதா என்று தலையணையருகே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மார்பின் 6ஆவது கூறிலோ அதற்கு மேலோ, அதாவது கழுத்திலோ மேல்மார்பிலோ, அடிபட்டவர்களுக்கு இதே காரணங்களால் இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறக்கூடும். அவர்களுக்குக் கடுமையான தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேல் வியர்த்தல் ஆகியவை வந்தால், உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயைப் பார்த்து, தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பிக்கு பேக்லோஃபென் கொடுத்தார்கள். காபா என்ற தடுப்பு வேதிப்பொருளின் ஒருவகை ஏற்பிகளைத் தூண்டி, உணர்ச்சி நரம்பின் முனையிலிருந்து தூண்டல் வெளியாவதைக் குறைக்கும் மருந்து அது. மேலிருந்து வராமல் போன கட்டுப்பாட்டுக்கு ஓரளவு ஈடு என்று சொல்லலாம். சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். அளவு கூடியபோது தூக்கமும் சோர்வும் வந்தன, இன்னொன்றும் நிகழ்ந்தது. இறுக்கத்தின் துணையோடு நிமிர்ந்து உட்கார்ந்தவன், தளர்ந்து முன்னால் சரியத் தொடங்கினான். மருத்துவரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார். ஆகவே மருந்து இறுக்கத்தை எவ்வளவு குறைத்தது என்பதோடு, நோயாளியின் எந்தெந்தக் காரியம் எளிதாயிற்று, எது கடினமாயிற்று என்பதையும் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை ஒரு பொங்கலின்போது கற்றோம். மாத்திரை தீர்ந்திருந்தது, கடைகள் மூடியிருந்தன, இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டோம். இரண்டாம் இரவு கால்கள் கட்டிலே அதிருமாறு இழுத்தன, உடல் கொதித்தது, சுவரில் எறும்புகள் ஊர்கின்றன என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மருந்தைத் திரும்பத் தொடங்கிய பிறகே தெளிந்தான். வலிப்பு வரைக்கும் போயிருக்கும் என்றார்கள். அதிலிருந்து இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

இறுக்கத்தை முழுதும் ஒழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு இப்போது இல்லை. அடிக்கடி சுருங்குவதால் அவன் கால் தசைகள் பக்கத்துக் கட்டிலின் இளைஞருக்கு மெலிந்ததுபோல் மெலியவில்லை. காலையில் கால்சட்டை போடும்போது தொடையை ஓரிடத்தில் தேய்த்து, மடங்கும் அனிச்சையை வரவழைத்து, அந்தக் கணத்தில் காலை உள்ளே நுழைத்துவிடுவான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகையில் கால்கள் விறைத்து நீளும் தருணத்தைக் காத்திருந்து பயன்படுத்துகிறான். பட்டைகளால் தாங்கிப் பிடிக்கும் நிற்கும் சட்டத்தில் நாள்தோறும் அரை மணி நேரம் நிற்கிறான். நின்ற நாளில் இரவு இழுப்பு குறைவு, நிற்காத நாளில் கூடுதல். தண்டுவடச் சுற்று மாறாத கம்பி இணைப்பு அல்ல, பயிற்சியால் மாறக்கூடியது என்பதை ஜோனதன் வோல்பா என்ற ஆய்வாளரின் குழு பல ஆண்டுகளாகக் காட்டி வந்திருக்கிறது. பகுதியளவு காயமுற்றவர்கள் சிலர் தம் கெண்டைத் தசையின் அனிச்சை அளவைத் திரையில் பார்த்துப் பார்த்துக் குறைக்கப் பழகியதில், அவர்கள் நடையே சீரானதை 2013இல் வெளியிட்டார்கள். தம்பியின் காயம் அவ்வகையைச் சேர்ந்ததல்ல. ஆயினும் அதைப் படித்துச் சொன்னபோது, "அப்ப இதுக்கும் சொல்லிக் குடுக்கலாமுங்களா" என்று தன் காலைப் பார்த்துக் கேட்டான்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுப் பிரிவை வளர்த்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். அவரே 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடி தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வுக்கான உடற்திறன் சோதனையின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கத்தை இழந்தவர். இவ்விருவரைப் பற்றியும் தம்பிக்கு முதல் ஆண்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். கால் எப்போது நடக்கும் என்ற ஒரே கேள்வியில் நாங்கள் அந்த ஆண்டைக் கழித்துவிட்டோம். இப்போது அவன் தேங்காய்க் கொள்முதல் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறான்.

கடந்த ஐப்பசியில் மூன்று இரவுகள் தொடர்ந்து இடது கால் இழுத்தது. தாளில் உள்ளபடி குழாயைப் பார்த்தோம், சரியாக இருந்தது. மலச்சிக்கல் இல்லை, தோலில் சிவப்பு இல்லை. அம்மா காலுறையைக் கழற்றி விரல்விரலாகப் பார்த்தபோது, பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் வளர்ந்து சீழ் கட்டியிருந்தது. மறுநாள் மருத்துவர் அந்த ஓரத்தை வெட்டி எடுத்து, ஐந்து நாளுக்கு மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு தம்பி விடியும்வரை உறங்கினான்.